பேய்க்குக் கால் கிடையாது

"திருஷ்டிக்கா, கூட்டுக்கா?"
என்றார் மகாராஜநகர் உழவர் சந்தைக்காரர்.
திருஷ்டிக்கென்றால் தடியங்காய்,
கூட்டுக்கென்றால் ஒரு கீற்று.
முழுசாய் ஒரு மஞ்சள் பூசணி
எதற்கென்று நான் சொல்ல?
"பேய்க்கு" என்றாள் மிதுலா.
மிச்சச் சில்லறையை
அவர் எங்கள் கையில் தரவில்லை,
தராசுத் தட்டில் வைத்தார்.

டல்லாஸில் இருக்கும் நாத்தனார் மகள்
வீடியோவில் காட்டிய ஹாலோவீன்.
வாசலில் பூசணி, மரத்தில் எலும்புக்கூடு,
பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய்.
"நம்மளும் வைப்போம்மா."
தீபாவளி முடிந்து பதினோரு நாள்.
முறுக்கு டப்பாவே இன்னும் கழுவவில்லை.

பஞ்சுச் சுருளைப் பிரித்து
ஜன்னலில் சிலந்தி வலை கட்டினோம்.
ஒட்டடைக் கம்பால் போன மாதம்தான்
நிசமான வலைகளை அடித்திருந்தேன்.
"கொஞ்சம் விட்டு வச்சிருக்கலாம்லா" என்றார் இவர்.
கருப்புச் சார்ட்டில் வெட்டிய வௌவால்களில்
இரண்டு காக்காயாகிவிட்டன.
அரிவாள்மணையும் ஸ்குரூடிரைவருமாய்
பூசணிக்கு முகம் தோண்டினேன்.
மூக்கு வெட்டுகையில் வாய் கிழிந்து
காது வரைக்கும் சிரித்தது.

விக்டோரியா டீச்சர் மூன்று மெழுகுவத்தி தந்தார்.
"நாளன்னைக்குக் கல்லறைத் திருநாளு.
எங்கப்பாவுக்கு வாங்குன கட்டுல உள்ளதுதான்.
அவரு எண்ணிப் பாக்க மாட்டாரு."

மிதுலாவுக்கு இவருடைய நாலு முழ வேட்டி,
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
"எல்லாக் கதவையும் தட்டு,
எதிர் வீட்டை மட்டும் விட்டிரு" என்றேன்.
ஆனியில் பிரம்மநாயகம் அண்ணாச்சி போனதிலிருந்து
அங்கே கோலம் இல்லை,
தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை.
தலைத்திவசம் வரை உலகம்மை அக்காளை
நல்லது எதற்கும் கூப்பிடுவதில்லை.
பலகாரத் தட்டை நீட்டிவிட்டு
முகம் பார்க்காமல் திரும்பிய ஆள்தான் நானும்.

ஏழு மணிக்கு மழை. ஏழேகாலுக்குக் கரண்ட் போச்சு.
இருட்டில் எண்ணிக்கை தவறியதோ,
வேண்டுமென்றேதானோ,
பேய் போய்த் தட்டியது அந்தக் கதவை.

செருப்பில்லாமல் தண்ணீரில் ஓடினேன்.
அதற்குள் திறந்துவிட்டது.
கையில் டார்ச்சோடு அக்கா.
வெளிச்சம் மெல்ல
வேட்டியின் தலையிலிருந்து இறங்கி
சகதி பூசிய இரண்டு பாதத்தில் நின்றது.

"ஏட்டி, பேய்க்குக் கால் கெடையாதுல்லா.
உனக்கு முட்டு வரைக்கும் தெரியுதே."

உள்ளே போனாள்.
பீரோ திறக்கிற சத்தம்.
"அக்கா, சின்னப் பிள்ள, தெரியாம..." என்று
நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே
மடிப்புக் கலையாத எட்டு முழம் ஒன்று வந்தது,
நீலம் போட்டது, பாச்சா உருண்டை வாசனையோடு.
குனிந்து அதைச் சுற்றிவிட்டாள்,
தலைக்கு மேல் ஒரு முறை, இடுப்பில் ஒரு முறை.
கண்ணுக்கு ஓட்டை போடவில்லை,
துணியை மெல்ல விலக்கி வைத்தாள்.

"இது என்ன பண்டிகை?"
"எங்களுக்கும் சரியாத் தெரியாதுக்கா."
"வெலக்கு உண்டுமா?"
டீச்சர் எங்கள் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்,
"எங்க காலண்டர்லயும் இல்ல, ஒங்க பஞ்சாங்கத்துலயும் இல்ல."
"அப்ப வாரேன்" என்று கதவைச் சாத்தினாள்.

பாதாம் நகம் வைத்த விரல் பிஸ்கட்டை
திருப்பித் திருப்பிப் பார்த்துக் கடித்தாள்.
காக்கா நல்லாருக்கு என்றாள்.
அண்ணாச்சியின் வேட்டி
நாற்காலிகளுக்கு நடுவே ஓடியது,
தடுக்கி விழுந்தது, எழுந்து கத்தியது.
அவள் கண் அதன் பின்னாலேயே போனது.
கரண்ட் வந்தபோது யாரோ
லைட்டை அணைக்கச் சொன்னார்கள்.
யார் என்று நான் பார்க்கவில்லை.

சாக்லேட் கறையை இரண்டு தரம் கசக்கி
மொட்டைமாடிக் கொடியில் போட்டேன்.
மழை விட்டபாடில்லை.
மூன்றாம் நாள் காலை
எதிர் வீட்டு வாசலைத் தெளித்துக்கொண்டே
அண்ணாந்து கேட்டாள்,
"பேய் இன்னும் காயலியா?"