ஏழரை

வாழைக்கன்றுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே
செவ்வாய்க்கிழமை காலை ஒரு துளை.
திங்கள் ராத்திரி இல்லை.
நிச்சயமாகச் சொல்வேன்.
திங்கள் ராத்திரி அந்த இடத்தில் நின்றுதான்
மேலதிகாரியின் போனை எடுக்காமல் இருந்தேன்.

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஏழு சென்டிமீட்டர்,
ஓரம் சரிந்த இடத்தில் ஏழரை.
இருக்கட்டும். எனக்கு ஏழரை போன வருஷமே முடிந்துவிட்டது.
நீடாமங்கலத்தில் நானூற்றுச் சொச்சம் வீட்டு மீட்டரை
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படிக்கிறவள்,
எண் இல்லாமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை.

மண் ஒரே பக்கமாக விழுந்திருந்தது,
முறத்தில் புடைத்துத் தள்ளிய மாதிரி.
அப்படியானால் நண்டு இல்லை.
நண்டு உருண்டை பிடித்து வைக்கும்,
வாய்க்கால் கரை நெடுக அதன் கைவேலை தெரியும்.
பாம்பும் இல்லை. பாம்புக்குக் கை ஏது?
யாரோ கட்டிய வீட்டில்
வாடகை தராமல் இருக்கிற ஜாதி அது.

மதில்மேல் தலை நீட்டி
"கீரி" என்றாள் சுலைகா அக்கா.
மூன்று கோழி போனதிலிருந்து
அவளுக்கு ஓடுவதெல்லாம் கீரி.
வீட்டுக்காரர் போனில்,
"பெருச்சாளிம்மா, அஸ்திவாரத்தையே தின்னுடும்.
சிமெண்ட் ஊத்துங்க, வாடகையில கழிச்சுக்கலாம்."
எட்டு வருஷத்தில் கழிப்பதைப் பற்றி
அவர் பேசியது அதுதான் முதல் முறை.

உத்திராபதியைக் கூட்டி வந்தேன்.
நடவு வயலில் ஏக்கருக்கு ஐம்பது கிட்டி வைப்பவர்,
எலி ஒன்றுக்கு இத்தனை என்று கணக்குத் தீர்ப்பவர்.
குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்,
ஒரு பிடி மண் எடுத்து முகர்ந்தார்.
"நெல் வாசமில்ல. குறுவை அறுக்கிற நேரம்,
வயல் எலின்னா கதிரை இழுத்துட்டு வந்திருக்கும்.
பெருச்சாளின்னா நாத்தத்துல நீங்க இங்க துவைக்க முடியாது."
"அப்ப என்னது?"
"வாயில புல்லை அடைச்சு வைங்க.
காலைல புல்லு வெளிய கிடந்தா, உள்ள ஆள் இருக்கு.
உள்ள போயிருந்தா, வெளிய போன ஆள் திரும்பியிருக்கு.
அப்படியே இருந்தா,
தோண்டிப் பார்த்துட்டுப் புடிக்காமப் போயிட்டாங்க."
காசு வாங்கவில்லை.
பிடித்தால்தான் காசாம்.

அருகம்புல்லைச் சுருட்டி அடைத்தேன்.
சுற்றிலும் கோலமாவு சலித்தேன், சன்னமாக.
மூணாறு தலைப்பில் தண்ணீர் பிரிகிற இரைச்சல்
காற்று திரும்பினால் எங்கள் தெரு வரை வரும்.
அதற்கு அடியில் இன்னொரு சத்தம்,
கறுக் கறுக்கென்று.
டார்ச்சை எடுத்தேன். அடிக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில்
கதவு திறக்காததால் ஜன்னல் வழியே மீட்டர் படித்தேன்.
உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து
கல்யாணப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாகக்
கிழித்துக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்து பார்த்தாள்.
நான் எண்ணை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
அதன் பிறகு ஜன்னல் வழியாக எதையும் படித்ததில்லை.

காலையில் புல் வெளியே கிடந்தது.
மாவில் ஐந்து விரல், நகம் நீளம்,
நடுவே எதையோ இழுத்துப் போன கோடு.
உடும்புக் குட்டி என்றால் உடும்புக் குட்டி.
கீரிக்கும் வால் உண்டு என்பாள் அக்கா.
போட்டோ எடுக்கக் குனிந்தேன்,
என் நிழல் துளைமேல் விழுந்தது.
உள்ளே கொஞ்சம் மண் உதிர்ந்தது.
அவ்வளவுதான். போனைப் பையில் போட்டேன்.

சிமெண்ட் விலை ஏறிவிட்டதாக
வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று.
சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல்
ஒரு செங்கல்லைக் குறுக்கே வைத்தேன்.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு,
ஆள் இல்லாத வீட்டுக்கும்
ஆள் இருந்தும் திறக்காத வீட்டுக்கும்
நாங்கள் எழுதுகிற அதே இரண்டு வார்த்தை:
கதவு பூட்டு.