இடது ஓரம்

பெரம்பூர் ரயில்வே மைதானத்தில்
ஷாமியானா போட்டிருந்தார்கள்.
பதாகையில் அவர் பெயர் டெஸ்மண்ட் ரொசாரி.
ஒரு ‘யோ’ குறைவு.
அச்சகத்தில் இடம் போதவில்லையாம்.

முதலில் கேரம் ஷகீனா பேகம்.
சால்வையில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை
ஆட்காட்டி விரலால் சுண்டினார்,
நேராக நாளிதழ்க்காரர் மடியில் விழுந்தது.
பிறகு குத்துச்சண்டை ஏகாம்பரநாதன்.
யாரோ மைக்கைத் தட்ட,
மணி என்று நினைத்தாரோ என்னவோ,
கூப்பிடும் முன்பே எழுந்துவிட்டார்.

அப்புறம் டெஸ்மண்ட்.
எழுபத்தெட்டு லீக்கில்
வியாசர்பாடியே கோட்டில் நின்று கத்த
என் மூன்று பந்துகளைத் தின்றவர்.
“கபடி ஜாம்பவான்” என்றார் தொகுப்பாளர்.
கூட்டம் திருத்தியது.

மேடையில் இரண்டு இரும்புக் கம்பங்கள்.
திரும்பிப் பார்க்காமலே
சரியாக அவற்றின் நடுவே போய் நின்றார்.
அமைச்சர் வரவில்லை. கவுன்சிலர் நீட்டிய
கண்ணாடிக் கேடயம் வழுக்கப் பார்த்தது.
நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

நான் இடது ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில்.
போன சித்திரையில் மாற்றிய முட்டி.
“எதையும் உதைக்காதீங்க” என்றார் ஸ்டான்லி டாக்டர்.
இனி எதை உதைக்க?

பிரியாணி வண்டி ஹாரன் அடித்தது.
முன்வரிசை மொத்தமும் காலி.
எனக்கும் அவருக்கும் இடையில்
திடீரென்று வெறும் தரை.

கால் அசைந்திருக்க வேண்டும்.
மூன்று சால்வை, ஒரு ரோஜா மாலை
எல்லாவற்றுக்கும் மேலாக எட்டி
டெஸ்மண்ட் பார்த்தார்,
என் முகத்தை இல்லை,
பாதத்தை.