மேசை விரிப்பு

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆறு கல்லாய்க் கிடக்கிறது.
இந்திய நாடகம், இலக்கியம், கலைவடிவங்கள் குறித்த
மூன்று நாள் கருத்தரங்கில்
என் வேலை நேரம் பார்ப்பது.
மஞ்சள் அட்டை என்றால் ஐந்து நிமிடம்.
சிவப்பு என்றால் வாயை மூடு.
மரியாதைக்காக அதில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய அமர்வு.
அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.
பீட்ரூட் சூப்பும் கறுப்பு ரொட்டியும்
இமைமேல் ஏறி உட்காரும் நேரம்.
முதல் வரிசையில் பேராசிரியர் யூலோ கஸ்க்
ரசக் கோட்பாட்டைத் தலையசைத்து ஆமோதித்தபடியே
தூங்கிக்கொண்டிருந்தார்.

ஹெல்வி தம்மிஸ்தே மேடையேறினார்.
நூலகத்தில் பட்டியல் பிரிவு.
முப்பது வருடமாய் யட்சகானம் பற்றி எழுதுகிறார்,
உடுப்பியைக் கண்ணால் கண்டதில்லை.
கட்டுரைத் தலைப்பு: நுழையத் தாமதித்தல்.

சுவரின் வெண்திரை பாதி இறங்கி நின்றுவிட்டது.
மேலும் போகாது, கீழும் வராது,
திரிசங்கு.
யாரோ ஓடிப்போய்
காபி மேசையின் விரிப்பை உருவி வந்தார்கள்.
பிஸ்கட் தூளை உதறினார்கள்.
பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.
கதவருகே நின்றதால் மாதிஸ் அகப்பட்டான்.
உயரம் என்பதால் ட்ரீனு.

இருவருக்கும் இரண்டு வருடமாய்ப் பேச்சில்லை.
ஓர் அடிக்குறிப்பு.
அவன் நூலில் அவள் கண்டுபிடிப்பு இருந்தது,
அவள் பெயர் இல்லை.
இப்போது ஒரே துணியின் இரு முனையில்
ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி.

படம் விழுந்தது.
கிரீடம் வைத்த வேடக்காரரின் கன்னத்தில்
இன்று காலைக் காபிக் கறை,
மச்சம் மாதிரி பொருந்தியது.
"இதோ, இப்படித்தான் இருவர் திரையை..."
ஹெல்வி தொடங்கவும்
புரொஜெக்டர் பட்டென்று அணைந்தது.
வயரைத் தேடி மேசைக்கடியில் புகுந்த ரக்னரின்
பாதி உடல் கடைசிவரை வெளியே வரவில்லை.

ஹெல்வி கண்ணாடியைக் கழற்றி
குறிப்புத்தாள்மேல் வைத்தார்.
விரிப்பைச் சுற்றிக்கொண்டு
அந்தப் பக்கம் போனார்.

மேல் விளிம்பில் பத்து விரல்கள் முளைத்தன.
கீழே, சாலை உப்பில் வெளுத்த இரண்டு காலணிகள்.
அவ்வளவுதான்.
குரல் சொன்னது:
"இவர் யாரென்று உங்களுக்கு இன்னும் தெரியாது.
அசுரனாக இருக்கலாம்.
விரலைப் பாருங்கள்."
ஒரு சுண்டுவிரல் நிமிர்ந்து, யோசித்து, மடங்கியது.
காலணி தரையைத் தட்டியது.
ஒன்று.
இடைவெளி.
ஒன்று, இரண்டு.
துணி நடுங்கியது.
பிடித்தவர்களின் கைவலியா,
உள்ளிருப்பவரின் ஆத்திரமா,
சொல்ல முடியவில்லை.

"உன் பக்கம் இறங்குது" என்றாள் ட்ரீனு.
மாதிஸ் உயர்த்தினான்.

பேராசிரியர் எப்போது விழித்தாரோ,
வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது.

மஞ்சளைக் காட்டினேன்.
சிவப்பைக் காட்டினேன்.
துணிக்குக் கண் கிடையாது.
இருபது நிமிடக் கட்டுரை நாற்பத்தொன்றைத் தொட்டபோது
சிரிப்பு முகத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

திரை விலகும் என்று காத்திருந்தோம்.
சிலர் கைதட்டத் தயாராய்
உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்கள்.
"விலகினால் ஆட்டம் தொடங்கிவிடும்" என்றது குரல்.
"என் கட்டுரை அதுவரைக்கும்தான்."
விரல்கள் ஒவ்வொன்றாய் இறங்கின.
பக்கவாட்டில் வெளியே வந்தார்,
மூக்கில் பிஸ்கட் தூளோடு,
பட்டியல் பிரிவு ஹெல்வி.

கேள்விகள் உண்டா என்றார் தலைவர்.
ரிகாவிலிருந்து வந்தவர் கையை உயர்த்தி
எதுவும் கேட்காமல் இறக்கிக்கொண்டார்.

மாதிஸும் ட்ரீனுவும் துணியை மடித்தார்கள்.
மடிக்க வேண்டுமென்றால் நெருங்கி வரத்தான் வேண்டும்,
முனையோடு முனை சேர்த்து,
விலகி,
மறுபடியும் நெருங்கி.
பேசிக்கொள்ளவில்லை.

நான்கு மணிக்கு விரிப்பு மேசைக்குத் திரும்பியது.
விளிம்பில் விரல் கசக்கிய பத்து இடங்கள்.
காபிக் குடுவை அதன்மேலேயே உட்கார்ந்தது.

அடுத்த வருடம் தொகுப்பு நூல் வந்தது.
ஹெல்வியின் கட்டுரையில் ஒரே ஓர் அடிக்குறிப்பு:
'படங்கள் காட்ட இயலவில்லை.
திரை பிடித்தவர்கள் ட்ரீனு லேப், மாதிஸ் ஊண்.'
இடையில் ஒரு காற்புள்ளி.