அரைப்பேர்

அப்புத்தளைப் பங்களா இப்போது ஹோட்டல்.
சாப்பாட்டறைச் சுவரில் மாட்டிய பழைய பீங்கானை
ஆறு வருசமாய் நான்தான் துடைக்கிறேன்.
வெளிர்சிவப்பு ரோசா மூன்று,
பெயர் தெரியாத நீலப்பூ ஒன்று,
தண்டோரம் ஓர் எறும்பு.
முதல் நாள் ஊதினேன்.
பிறகு நகத்தால் சுண்டினேன்.
போகவில்லை.

நேற்றுக் கொழும்பிலிருந்து விலை மதிக்க வந்தவர்
கவிழ்த்துப் பார்த்து, டோர்ச் அடித்து,
மனேஜரிடம் சொன்னார்:
சூளையில் பொத்தல் விழுந்த இடம்,
மறைக்கத்தான் எறும்பு வரைந்திருக்கிறார்கள்.
அதனால் விலை கூடுமாம்.

தேத்தண்ணீர் ஊற்றிய கை
பாதியில் நின்றது.

எந்த ஊரோ, என்ன குளிரோ,
முதுகுக்குப் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை
நின்றிருப்பான்.
பொத்தலைக் கண்டால் அன்றைக்கு அரைப்பேர்.
அவன் அடுத்த மேசைக்குத் திரும்புமுன்
ஆறு கால், ஒரு வயிறு,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

கொழுந்து மடுவத்தில் எங்கள் சின்னக்கிளி மதினி
முற்றலைக் கூடைக்கு அடியில் தள்ளி
மேலே இளசாய்ப் பரப்புவாள்.
தராசைப் பார்க்கவே மாட்டாள்,
வானத்தைப் பார்ப்பாள்.

எத்தனை துரைமார் இதில் கேக் தின்றார்களோ.

இன்று பெட்டியில் கட்டச் சொன்னார்கள்.
கடைசியாய் ஒருதரம் துடைத்தேன்,
எறும்பை விட்டு.