வருகையின் நோக்கம்

பாபுராவ் தெருவில் எங்கள் லாட்ஜின் பலகை
முதலில் வங்காளத்தில் பேசும்,
அப்புறம் இந்தியில்,
இடம் மிச்சமிருந்தால் தமிழில்.

மொஃபிசுல் ஹக். வயது ஐம்பத்தாறு.
ஊர் ஈஸ்வர்தி, பங்களாதேஷ்.
சி ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன்.
வருகையின் நோக்கம்: வைத்தியம்.
உடன் வந்தவர்: ஒரு கோடு.

சதையை வெட்டி எடுத்து அனுப்பியாயிற்று,
ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை.
அன்றைக்குத் திங்கள்.
இந்த இடைவெளியில் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.
ஃபேனைப் பார்த்துப் படுத்திருப்பார்கள்,
போனில் ஊருக்குச் சிரித்துக் காட்டுவார்கள்,
கோட்டை அகழி வரை நடந்துவிட்டு
வெயிலைத் திட்டிக்கொண்டு திரும்புவார்கள்.

இவர் என் எக்ஸெல்லைக் கேட்டார்.
தண்ணீர் கேன் தூக்குகிற வண்டி.
மீட்டர் செத்து நாலு வருடம்.
நாளுக்கு இருநூறு, பெட்ரோல் உங்களுடையது என்றேன்.
சட்டம் என்ன சொல்லும் என்று
நான் யாரையும் கேட்கவில்லை.
எங்கே போவீர்கள், இது என் லாட்ஜ் இந்தி.
"மெதுவாக" என்றார்.

முதல் நாள் பாலாற்றுப் பாலத்தையே தாண்டவில்லை.
பத்மா கரைக்காரர்.
நடுப்பாலத்தில் ஸ்டாண்டு போட்டு
இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து
சாலையைக் கடந்து
அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்திருக்கிறார்.
மணல். சீமைக்கருவேலம். கிரிக்கெட் ஆடும் பையன்கள்.
சாயங்காலம் சாவியைக் கொடுக்கும்போது,
"நதியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"
மணலுக்கு அடியில் என்றேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
"எத்தனை அடி?" என்று கேட்டார்.

செவ்வாய், அணைக்கட்டு சாலை.
இருபது கிலோமீட்டர் போக ஐந்து மணிநேரம்.
லாரி தாண்டியது, டவுன் பஸ் தாண்டியது,
சைக்கிளில் பள்ளிக்கூடப் பெண்கள் தாண்டினார்கள்,
ஒடுகத்தூர் சந்தைக்குப் போன ஒரு எருமையும்.
இலவம்பாடியில் முள்ளுக் கத்திரியைத் தொட்டு
விரலில் குத்து வாங்கிக்கொண்டு
"பேகுன்! பேகுன்!" என்றாராம்.
தோட்டத்தில் நின்ற அம்மா, "வேகும் வேகும்,
நல்லாவே வேகும்" என்று
இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்திருக்கிறாள்.
உங்கள் பாஷையிலும் இதற்கு அதே பெயர்தான் என்று
ராத்திரி பொதுச் சமையலறையில்
கடுகெண்ணெய் புகைய நின்று சொன்னார்.
ஆமாம் என்றேன்.

புதன்கிழமை வளத்தூர் பக்கம்
ரயில்வே கேட் மூடியிருந்தது.
குனிந்து நுழைகிறவர்கள் நுழைய
இவர் இஞ்சினை அணைத்து, இறங்கி,
முழுசாக நின்றிருக்கிறார்.
"முப்பத்தொரு வருடம் கேட் மூடினேன் பாய்,
மூடின கேட்டுக்கு வெளியே நின்றதில்லை."
கூட்ஸ் வண்டி, ஐம்பத்தெட்டுப் பெட்டி.
திறந்ததும் கேட்காரருக்கு ஒரு சல்யூட்.
அந்த மனுஷன் ஏதோ அதிகாரி என்று பதறி
மேல் பட்டனைப் போட்டாராம்.
இதைச் சொல்லும்போது மொஃபிசுலுக்கு இருமல் வந்தது.
தண்ணீர் கொடுத்தேன்.

வியாழன் எங்கே போனார் என்று சொல்லவில்லை.
பின் சீட்டில் செம்மண்.

வெள்ளிக்கிழமை கவுன்டர் இரண்டு மணிக்கு.
காலையிலேயே அமிர்தி சாலையில் கிளம்பிவிட்டார்.
இரண்டு ஆனது. நான்கு ஆனது.
ரிப்போர்ட் எனக்கு வருவதுபோல
வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தேன்.
ஆறே முக்காலுக்கு வந்தார்,
சட்டையெல்லாம் ஒட்டுப்புல்.
கவுன்டர் சாத்திவிட்டார்களே என்றேன்.
"திங்கட்கிழமையும் திறப்பார்கள்."

திங்கள் மதியம் வாங்கி வந்த கவரை
எக்ஸெல்லின் முன்பையில் செருகியிருந்தார்,
போன வாரத்துக் காய்ந்த காம்பு ஒன்றோடு.
பிரித்த கவர்தான்.
முகத்தைப் பார்த்தேன்,
கேட்டைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.
நானூறு ரூபாயை எண்ணி வைத்தார்.
இன்னும் இரண்டு நாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஃபாரத்தில் அடுத்து செல்லும் இடம் என்ற கட்டம்
காலியாகவே இருந்தது.
அந்த இரண்டு நாளும்
தண்ணீர் கேனைத் தோளில் தூக்கினேன்,
மூன்று மாடி.