மூன்று படி

ரதியோன் பாவ்லவிச் பள்ளிக்கூடக் கரும்பலகையில்
ஒரு வட்டம் போட்டார். பூமியாம்.
சுற்றி இன்னொரு வட்டம். போர்வையாம்.
ருஷ்ய மொழியில் அவர் சொல்வதைச்
சகா மொழியில் சொல்வது என் வேலை.
சொன்னேன்.

வெளியே மைனஸ் நாற்பத்தெட்டு.
முன்வரிசையில் குதிரைக்காரர் உய்குலான்
கையுறையைக் கழற்றாமலே கேட்டார்:
"கெட்டியான போர்வையா?"
ஆமாம்.
"நல்லதுதானே."
அடுப்புப் பக்கமிருந்து சிரிப்பு.

போர்வையை அழித்துக் கண்ணாடி வீடு வரைந்தார்.
எங்களுக்குக் கண்ணாடி வீடு என்றால் வெள்ளரிக்காய்.
பழைய ஜன்னல்களை ஆணியடித்துச் சேர்த்தது,
ஜூன் மாதம் உள்ளே நுழைந்தால்
மூக்குக்கண்ணாடிக்கு வேர்க்கும்.
முதல் பிஞ்சை யாருக்கும் தராமல்
நின்றபடியே தின்றுவிடுவோம்.
பெண்களின் முகம் மலர்ந்தது.
புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார் பாவம்.

பிறகு காய்ச்சல் என்றார்.
"எத்தனை நாளாக?" என்றாள் நர்ஸ் அகுலீனா.
பிறகு வெடிகுண்டு.
கடைசி வரிசைப் பையன்கள் நிமிர்ந்தார்கள்.
எப்போது வெடிக்கும்?
நூறு வருஷத்தில்.
பையன்கள் மறுபடி சாய்ந்துகொண்டார்கள்.

நடுவில் நிற்பவள் நான் என்ன செய்ய?
அவர் வாயில் சுட்ட சொல்
என் வாயில் கணகணப்பாகிவிட்டது.

சிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
நாங்களும் ஒரு சொல்லை நம்பித்தான்
வீடு கட்டியிருக்கிறோம்.
நித்திய உறைபனி.
பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.
நித்தியத்தை யார் அளந்து பார்த்தார்கள்?
ஒரு பெயரடையின் மேல்
தூண் நட்டோம், பள்ளிக்கூடம் நட்டோம்,
தாத்தாக்களின் சவப்பெட்டிகளையும்.

தபால்காரி துயாரா எழுந்தாள்.
"என் நிலவறைக்கு வாருங்கள்."
அவ்வளவுதான் அவள் பேச்சு.

கோடைத் தேநீருக்கு
ஏரியிலிருந்து அறுத்த பனிக்கட்டிகளை
நவம்பரில் இறக்கிவைக்கும் குழி.
ஏணிக்குப் பதினொரு படி.
ஆகஸ்டில் புகுந்த தண்ணீர்
அடியில் கல்லாய் இறுகிக் கிடந்தது.
அதற்குள் ஒரு குதிரைத் தொடை,
ஒரு அலுமினிய வாளி,
அவள் மகனின் இடதுகால் சறுக்குக் கட்டை.
முந்தின வருஷம் ஒரு படி முழுகியது. போன வருஷம் இரண்டு.
சுவரில் பென்சில் கோடுகள்,
பிள்ளைகளின் உயரத்தைக் குறிப்பதுபோல.
பிள்ளைகள் வளர்ந்தால் சந்தோஷம் வரும்.

எஞ்சினியர் விளக்கை இறக்கிவைத்தார்.
வெகுநேரம் கழித்துத் தனக்குத்தானே முணுமுணுத்தார்:
"காலடியில் நிலம் நழுவுகிறது."

எத்தனையோ தடவை கேட்ட தொடர்.
வேலை போனவன் சொல்வான்,
மனைவி விட்டுப்போனவன் சொல்வான்.
வழக்கம்போல் 'போல' ஒன்றைத்
தொட்டு ஒட்டப் பார்த்தேன்.
ஒட்டவில்லை.

மேலே குழிவாயில் குனிந்து
உய்குலான் கத்தினார்:
"என்ன சொல்கிறார்?"

போர்வை, கண்ணாடி, காய்ச்சல், குண்டு,
எல்லாம் பலகையிலேயே தங்கிவிட்டன.

"மூன்று படி" என்றேன்.

அவர் திரும்பித்
தன் வீட்டைப் பார்த்தார்.