பன்னிரண்டு வாரம் நான்கு நாள்

செக்காலை ரோட்டில் மின்சாரம் போய்
யூ.பி.எஸ் முனகத் தொடங்கிய நேரம்.
டோக்கன் பதினேழு. நாகஜோதி,
புதுவயல், அரிசி ஆலையில் வேலை.
கணவர் சிங்கப்பூர்.
உடன் வந்தவர் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

ஜெல் குளிரும் என்றேன்.
"குளிரட்டும். வெளிய அப்படி வெயிலு."

உச்சியிலிருந்து பிட்டம் வரை அறுபத்தொரு மில்லிமீட்டர்,
என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.
இதயம் நூற்று அறுபத்திரண்டு.
ஒலியைக் கூட்டினேன்.
சல்லடை ஆடுற மாதிரி இருக்கு என்று சிரித்தாள்.
ஒரு கை உயர்ந்து எதையோ விலக்கியது.
ஆணா பெண்ணா சொல்ல மாட்டோம் என்ற பலகை
சுவரில் இருக்கிறது.
அவள் அதைக் கேட்கவும் இல்லை.

பிறகு தலைக்கு வந்தேன்.

இந்த வாரத்தில் மூளை என்பது
பெரும்பாலும் தண்ணீர்.
நடுவே ஒரு நேர்க்கோடு,
இருபுறமும் வெண்மையாய் இரண்டு சிறகு.
வண்ணத்துப்பூச்சி என்போம் நாங்கள்.
வாரத்துக்கு முப்பது பார்க்கிறேன்.
முப்பதும் ஒன்றுபோல் விரித்து உட்கார்ந்திருக்கும்.
பார்த்ததாகவே நினைவில் வைப்பதில்லை.

இங்கே கோடு இல்லை.
ஒரே ஒரு குளம்.
கரையோரம் வெளிறிய பிறை.

கோணம் தவறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
அழுத்தினேன். சாய்த்தேன்.
ஒருக்களிச்சுப் படுங்க. இருமுங்க.
பாத்ரூம் போயிட்டு, கொஞ்சம் நடந்துட்டு வாங்க.
அதற்குள் பதினெட்டு, பத்தொன்பது.
இரண்டு வண்ணத்துப்பூச்சிகள்,
கண் கூசும் அளவுக்குத் தெளிவாக.

மறுபடி படுத்தாள்.
மறுபடி குளம்.

பதினோரு வருடமாக
முகத்தைப் பழக்கி வைத்திருக்கிறேன்.
கையைப் பழக்க முடியவில்லை.
அது ஒரே இடத்துக்கு மூன்றாம் முறை போனதை
அவள் பார்த்துவிட்டாள்.

"டாக்டர், எங்க மில்லுல
கலர் சார்ட்டர்னு ஒரு மெஷின்.
கொட்டுற அரிசிய ஒவ்வொண்ணாப் பாக்கும்.
கறுப்பு இருந்தா காத்தடிச்சுத் தள்ளிரும்.
எனக்கு அந்தப் பக்கம்தான் வேலை,
தள்ளுனத மூட்டை புடிக்கிறது.
ஒங்க மெஷின் கண்டுபுடிச்சா
என்ன பண்ணும்?"

ஒண்ணும் பண்ணாது என்றேன்.
பார்க்கும், அவ்வளவுதான்.

"அப்ப பாத்தத சொல்லுங்க."

ரிப்போர்ட்டில் அதற்கு ஒரே சொல்,
நீளமான சொல்,
ஒளிந்துகொள்ள வசதியானது.
தமிழில் எனக்கு ஒளிய இடமில்லை.
மூளை ரெண்டாப் பிரியணும்மா. பிரியல.

மதுரையில் இன்னொருவர் பார்க்க வேண்டும்,
அதற்குப் பிறகு முடிவு என்று சொல்ல வந்து
முடிவை விழுங்கி
பேசுவோம் என்றேன்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டேன்."
உங்க தப்பு எதுவும் இல்ல.
"தப்பான்னு கேக்கல. போட்டேன்னு சொல்றேன்."

ஜெல்லை அவளே துடைத்தாள்,
ஓரங்களையும் விடாமல்,
அடுத்து படுப்பவளுக்காகப் படுக்கையையும்.
போனை எடுத்தாள். பெயர் வரை போனாள்.
மணியைப் பார்த்தாள்.

"அங்க இப்ப பன்னெண்டரை.
சாப்புட உக்காந்திருப்பாரு."

போனைப் பைக்குள் வைத்தாள்.

"சாப்புடட்டும்."